மூன்று பித்தளைப் புள்ளிகள்

என் அத்தையின் இடது முன்கையில் ஒரு முடிகூட இருக்காது. வலது கையில் எல்லாருக்கும் இருப்பதுபோல் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பழைய தீக்காயம் என்று நினைத்து உச்சுக்கொட்டுவார்கள். அத்தைக்கு யாரும் உச்சுக்கொட்டினால் பிடிக்காது. "சவரம் பண்ணிக்கிட்டேன், போதுமா?" என்பாள். கிண்டல் செய்கிறாள் என்று அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் சொன்னது உண்மைதான். அப்பா தீட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு சவரக் கத்திக்கும் பிடி மாட்டி முடித்ததும், அதைத் தன் இடது கையில் வைத்து இழுத்துப் பார்ப்பாள். கத்தி வெட்டுகிறதா என்பது அப்பாவின் கவலை. பிடி விரலுக்குள் உட்காருகிறதா, ஈரத்தில் வழுக்குகிறதா, வால் பக்கம் எடை இழுக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கடையில் விற்பது சலூனில் பிளேடை மாற்றி மாற்றிச் சொருகும் கத்தி இல்லை. ஒரே எஃகுத் துண்டில் செய்து, சாணை பிடித்து, பிடிக்குள் மடக்கி வைக்கிற முழுக்கத்தி. ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் போதும். ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை. காசும் பொழுதும் உள்ளவர்கள் சொல்லிவைத்துச் செய்துகொள்வார்கள், தங்களுக்குள் காட்டிக்கொள்வார்கள், யாருடையது உசத்தி என்று சண்டை போடுவார்கள். நொடிந்துபோன ஒரு தொழிலின் சோகக்கதை இது என்று யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். வியாபாரம் அமோகமாக நடந்தது. இப்போதும் நடக்கிறது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

முன்னறையில் கண்ணாடி அலமாரியும் நானும் இருப்போம். வருகிறவர்களை உட்காரவைத்து, ஆர்டர் எடுத்து, பில் போடுவது என் வேலை. அடுத்த அறையில் அப்பாவின் சாணை. சக்கரத்தின் மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தரை எப்போதும் கறுப்பாக நனைந்திருக்கும். அதையும் தாண்டினால் சந்துப் பக்கம் பார்த்த ஒற்றை ஜன்னலோடு ஒரு ஒடுக்கமான அறை. அது அத்தையின் ராஜ்ஜியம். பிடிப்புக் கட்டை, ரம்பம், அரங்கள், பித்தளைக் கம்பிச் சுருள். சுவரோரப் பலகையில் மாட்டுக் கொம்பு, எருமைக் கொம்பு, எலும்பு, கருங்காலி, ஈட்டி மரம், அக்ரிலிக் எல்லாம் பட்டை பட்டையாக அறுத்துப் புத்தகம்போல் அடுக்கியிருக்கும். கொம்பை அரம் போட்டால் முடி தீய்ந்த வாடை வரும். பக்கத்துக் கடைத் தையல்காரர் அந்த வாடைக்காகவே எங்களோடு மூன்று வருஷம் பேசவில்லை.

பிடிக்கு எந்தப் பொருள் என்பதை யார் தீர்மானிப்பது? வாங்குகிறவர் தான்தான் என்று நினைத்துக்கொண்டு வருவார். அத்தை அவரை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையைத் தண்ணீரில் முக்கச் சொல்லி, அந்த ஈரக்கையில் ஒவ்வொரு பிடியாகக் கொடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் போலீஸ் விசாரணை ஆரம்பமாகும்.

"சவரம் முடிச்சு கத்தியை எங்க வைப்பீங்க?"

"குளிக்கிற ரூம்லதான். கண்ணாடிக்குக் கீழ பலகை இருக்கு."

"வெந்நீர்ல குளிப்பீங்களா?"

"ஆமா."

"அப்போ மரம் வேண்டாம். ஆவி பட்டுப் பட்டு ஊதும், காஞ்சா கோணும். பிடி கோணிச்சுன்னா மடக்கும்போது கத்தி வாய் அதுல போய் இடிக்கும். அப்புறம் எங்கண்ணன் தீட்டினது சரியில்லைன்னு நாலு பேர்கிட்ட சொல்லுவீங்க."

அப்பாவின் பெயர் கெடக்கூடாது என்பதில் அப்பாவைவிட அவளுக்கு அக்கறை அதிகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தன் அப்பா வேட்டையாடிய மான் கொம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது மானுக்கும் உங்க அப்பாவுக்கும் உள்ள தகராறு. நம்மளை ஏன் நடுவுல இழுக்கிறீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இன்னொருவர், பள்ளிக்கூட வாத்தியார், இறந்துபோன அப்பாவின் கைத்தடியைக் கொண்டுவந்தார். அதில்தான் பிடி வேண்டும் என்றார். அத்தை தடியை நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டு, உள்ளே வெடிப்பு ஓடுகிறது, இதில் பிடி போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது என்றாள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிடி என்பது இரண்டு பட்டைகள். அவற்றுக்கு நடுவே வால் பக்கத்தில் ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு வரும். அத்தை பட்டைகளை எருமைக் கொம்பில் செய்து, அந்த ஆப்பை மட்டும் கைத்தடியின் நல்ல பாகத்திலிருந்து சீவி வைத்தாள். மூடினால் வெளியே தெரிவது நகக்கீற்று அளவுதான். வாத்தியார் வந்து வாங்கிப் பார்த்து, அந்தக் கீற்றைத் தடவித் தடவி அழுதார். அழுதுவிட்டு நேரே சாணை அறைக்குப் போய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க கை பொன்னான கைங்க" என்றார்.

அப்பா, "ஏதோ நம்மளால ஆனது" என்றார்.

இதுதான் எங்கள் கடையின் வழக்கம். உள்ளே இருக்கும் அந்த அம்மா பார்த்துப் பொருள் எடுத்துக் கொடுப்பார், ஐயா செய்வார் என்றுதான் வருகிறவர்கள் நினைத்தார்கள். அப்பா பொய் சொன்னதே இல்லை. யாராவது நேராகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. கத்தியின் கழுத்தில் அவர் அடிக்கும் பிறை முத்திரை ஒன்று உண்டு. பிறை போட்ட கத்தி என்றால் வெளியூரிலும் பேர். பிடியில் ஒன்றும் கிடையாது.

அத்தைக்கும் ஒரு குறி இருந்தது. பித்தளைக் கம்பியை மூன்று இடத்தில் பொடியாக இறக்கி, தலையைத் தட்டி, தேய்த்துச் சமமாக்கினால் முக்கோணமாக மூன்று புள்ளி மின்னும். கடுகைவிடச் சிறிது. அதைப் பிடியின் வாலில் போட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று லேசாகச் சொல்லிவிட்டேன். பேராசை. அவள் வாழ்க்கையில் வேறு எதையும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்.

"சாப்பிடுறவன் சாப்பாட்டைப் பாப்பானா, தட்டுல யாரு கையெழுத்துன்னு பாப்பானா?"

கடையில் போட முடியாததை அவள் வீட்டில் போட்டாள். கடைக்கு எதிர்ச் சந்தில் மாடி வீடு. அந்த வீட்டுக் கரண்டிக் காம்பில் மூன்று புள்ளி. கதவுத் தாழ்ப்பாளில், விளக்குமாற்றுக் கட்டையில், கத்தரிக்கோலில் மூன்று புள்ளி. மாமா பஸ் டிரைவர். அவருடைய சாப்பாட்டு டப்பா மூடியிலும் இருந்தது. "என் நெத்தியிலயும் மூணு அடிச்சு விட்டுடு, எங்கேயாவது தொலைஞ்சா கொண்டுவந்து குடுப்பாங்க" என்பார் மாமா. அத்தையும் சிரிப்பாள். மாமா அந்தப் பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஹோட்டல் முதலாளி வந்தது அப்படி ஒரு சமயத்தில். எங்களிடம் ஏற்கெனவே இரண்டு கத்தி வாங்கியவர். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி கொடுக்க வேண்டும் என்றார். வாரத்துக்கு ஏழு நாள், ஏழு கத்தி, ஒரே பெட்டியில். பிடி ஏழும் ஆமை ஓட்டில் இருக்க வேண்டும். ஏதோ பழைய படத்தில் பார்த்தாராம்.

"ஆமை ஓட்டுல பண்ணா நம்ம ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவாங்க" என்றாள் அத்தை. "வெளிர் கொம்பை மெலிசா சுரண்டி, கரும்பட்டை விழுந்த பாகமா பாத்து எடுத்தா கிட்டத்தட்ட அதே மாதிரி வரும். ஒண்ணு பண்ணிக் காட்டுறேன்."

காட்டினாள். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. முதலாளி உதட்டைப் பிதுக்கினார். அப்பாவுக்கு அந்த ஆர்டர் கைநழுவிப் போய்விடுமோ என்று பதற்றம் வந்துவிட்டது. அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு பொட்டலத்தோடு வந்தார். இழுத்து மூடின மூக்குக்கண்ணாடிப் பட்டறை ஒன்றில் மிஞ்சிக் கிடந்த பழைய தகடுகள். ஜன்னலில் பிடித்தால் தேனும் கரும்பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வெளிச்சம் ஊடுருவியது. அசல் ஆமை ஓடு தோற்றுப்போகும்.

அத்தை ஒரு தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்தாள். சூடேறியதும் மூக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என் மூக்கில் வைத்தாள். கற்பூர வாடை.

"செல்லுலாய்டு" என்றாள். "இதை வெளிய கொண்டுபோய்ப் போடு அண்ணா."

அவளுக்கு அதன் குணம் தெரியும். முன்பொரு தடவை ஒருவர் தன் தாத்தாவின் கத்தியை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்தார். பிடி இதே பொருள். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. பிரித்தால் உள்பக்கம் வியர்த்துப் பிசுபிசுவென்று, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடி, புளித்த காட்டமான வாடை அடித்தது. பிடி மூடியிருந்த அளவுக்கு மட்டும் கத்தி அரித்துப் போயிருந்தது. இந்தப் பொருள் வயதானால் உள்ளுக்குள்ளேயே கெட்டு அமில ஆவி விடும். காற்றாட இருந்தால் பல வருஷம் ஒன்றும் ஆகாது. மூடிய பெட்டியில் வைத்தால் தன் கத்தியை மட்டும் இல்லை, பக்கத்தில் இருக்கிற கத்தியையும் சேர்த்துத் தின்னும். அன்றைக்கு அத்தை அந்தப் பழைய பிடியைச் சந்தில் போட்டு நெருப்புக் குச்சியைக் காட்டினாள். புஸ்ஸென்று ஒரே வீச்சில் எரிந்து முடிந்தது.

அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். தெரியாதவர் இல்லை.

"எல்லாத் தகடும் அப்படி ஆகுதா என்ன? இது நல்ல தகடு" என்றார் இப்போது.

"நல்லது கெட்டது எல்லாம் பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

"அவரு கேக்கிறதைக் குடுப்போமே."

"கேக்கிறதைக் குடுக்கிறதுக்கு நான் எதுக்கு? தட்டுல அடுக்கி வெச்சுடு, வர்றவங்க பொறுக்கிட்டுப் போகட்டும்."

அதற்குமேல் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனும் தங்கையும் முறைத்துக்கொண்டால் நடுவில் தூது போகிற வேலை எனக்கு. முதலாளி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கல்யாணத் தேதி நெருங்கியது. அப்பா சாணையில் நின்று ஏழு கத்தியையும் முடித்தார். நல்ல கத்திகள்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு மதியம் அப்பா தன் கையாலேயே டீ எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தவர் இல்லை. கொம்புத் தூளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு டம்ளரை வைத்தார். அத்தை அரம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பெட்டிக்கு உன் மூணு புள்ளியைப் போட்டுக்க" என்றார். "ஏழுலயும்."

அரம் நின்றது.

"நிஜமாவா சொல்ற?"

"பின்ன? எத்தனை நாளா கேட்டுட்டு இருக்க."

"மத்த கத்திங்கள்ல?"

"முதல்ல இதுல போடு. அப்புறம் பாப்போம்."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அந்த வயதில் ஒரு பெண்ணின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவள் டம்ளரை எடுத்து டீயைக் குடித்தாள். அப்பா கொண்டுவந்த டீயில் சர்க்கரை இருந்திருக்காது, அவர் எப்போதும் சர்க்கரை போடாமல் குடிப்பவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்தாள்.

அப்பா திட்டம்போட்டுத்தான் செய்தாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவருக்கு அந்தத் தகட்டின் மேல் பயம் இருந்தது. பயம் வந்ததும், இத்தனை வருஷம் தன்னோடு சேர்த்து வைத்திருந்த பிடியைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க நினைத்திருக்கிறார். பெற்ற அப்பாவைப் பற்றி ஒரு மகள் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள், கடைசிவரை கேட்டுவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

மறுநாள் அத்தை அந்தத் தகடுகளை அறுக்க ஆரம்பித்தாள்.

"நீயேதானே வேண்டாம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"பாத்துப் பண்ணா ஒண்ணும் ஆகாதுடி" என்றாள். அவளிடம் மல்லுக்கு நின்ற எத்தனையோ ஆட்கள் இதையே சொல்லி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பார்த்துத்தான் செய்தாள். பட்டைகளின் உள்பக்கம் முழுக்க இரண்டு கை வார்னிஷ் பூசினாள். கத்திக்கும் பட்டைக்கும் நடுவே வழக்கத்தைவிட இடைவெளி விட்டாள். பெட்டிக்கு அடியில் காற்றுப் போகத் துளை போடும்படி தச்சரிடம் சொன்னாள். தச்சர் போட்டார், உள்ளே வெல்வெட் ஒட்டியவர் அழகாக ஒட்ட வேண்டும் என்று அத்தனை துளையையும் அடைத்து ஒட்டிவிட்டார். அத்தை ஒவ்வொரு பிடியின் வாலிலும் மூன்று புள்ளி இறக்கிய அன்று யாரையும் அறைக்குள் விடவில்லை. சாயங்காலம் ஏழையும் வரிசையாக ஜன்னல் விளிம்பில் வைத்து என்னைக் கூப்பிட்டாள். வெயில் பிடிகளுக்குள் புகுந்து சுவரெல்லாம் தேன் நிறமாகத் திட்டுப் போட்டிருந்தது. "எப்படி இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். இருந்தது. அவள் செய்ததிலேயே அழகானவை அந்த ஏழும்தான்.

முதலாளி வந்து திறந்து பார்த்து உச்சி குளிர்ந்துபோனார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பிடியைத் திருப்பி, "இது என்ன மூணு புள்ளி, அழகுக்கா?" என்றார்.

"ஆமா, அழகுக்கு" என்றார் அப்பா.

அத்தை நடுவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் வந்து, "பெட்டியை மூடியே வைக்காதீங்க, கத்தி காத்தாட இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவதுபோல் முதலாளி தலையாட்டினார்.

கல்யாணம் தடபுடலாக நடந்ததாம். கூத்து என்னவென்றால், மாப்பிள்ளைக்குத் தாடி. மார்பு வரைக்கும் வளர்த்து வைத்திருப்பவர். ஏழு நாளில் ஒரு நாள்கூட அவருக்குக் கத்தி தேவைப்படவில்லை. சவரமே செய்யாத மனிதனுக்கு ஏழு சவரக் கத்தி கொடுத்த மாமனாரை என்ன சொல்ல? பெட்டியைப் பூட்டி, குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர் பாய்லர் சூடு தட்டும் அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் அத்தை இரண்டு தடவை அப்பாவிடம் மற்ற கத்திகளைப் பற்றிக் கேட்டாள். "பாப்போம்னு சொன்னேன்ல" என்றார் அவர். அவள் கொம்பிலும் எலும்பிலும் பிடி செய்துகொண்டே இருந்தாள், வாலில் ஒன்றும் போடாமல். ஆனால் முன்னைப்போல் முகம் சுளிப்பதில்லை. எங்கேயோ ஒரு பெட்டிக்குள் தன் குறி இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ. வருகிறவர்களிடம் கொஞ்சம் சிரித்துக்கூடப் பேசினாள்.

இரண்டு மழைக்காலம் கழிந்து, மகள் வீடு மாற்றும்போது பெட்டியைத் திறந்திருக்கிறாள். அன்றைக்கே முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தார். காட்டமான புளித்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. தேன் நிறப் பிடிகள் மங்கி வியர்த்து, சிலந்தி வலைபோல் விரிசல் ஓடிக் கிடந்தன. ஏழு கத்தியிலும் துரு. வாய் எல்லாம் எலி கொறித்த மாதிரி. பித்தளைப் புள்ளிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

அப்பா சாணை அறையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"கத்தி என்னுது. என் எஃகுல ஒரு குத்தம் இருக்காது, அது உங்களுக்கே தெரியும். பிடிதான் கெட்டிருக்கு. பிடி என் தங்கச்சி பண்ணது."

"பிடி பண்றதும் நீங்கதானே?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. பிடி எப்பவும் அவதான். ஆரம்பத்துலேர்ந்து எல்லாக் கத்திக்கும் அவதான் பண்றா. நான் பிடியைத் தொட்டதுகூட இல்ல. இந்தா பாருங்க, அவ குறியே இருக்கு" என்று ஒரு பிடியை எடுத்து, களிம்பை விரலால் தேய்த்து, மூன்று புள்ளியையும் அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினார்.

அத்தை நடுவாசலில் வந்து நின்றிருந்தாள். பெட்டி கொடுத்த அன்று நின்ற அதே இடம். அவள் இத்தனை வருஷமாக அப்பா வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள், ஒன்று குறையாமல், வெளியாள் ஒருவர் முன்னால், அவள் காதுபட வந்துகொண்டிருந்தன. "அத்தை அப்பவே வேண்டாம்னு..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் அடைத்துப் போயிற்று.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அப்பா கையிலிருந்த கத்தியை வாங்கினாள். வழக்கம்போல் விரலுக்குள் வைத்து எடை பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நான் பண்ணதுதான்."

முதலாளி அதற்கப்புறம் பேசியதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. அத்தை கடைசிவரை நின்று கேட்டாள். அவர் போனதும் தன் அறைக்குப் போய், அரங்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ச் சந்துக்குப் போய்விட்டாள். அப்பா சாணையைப் போட்டுவிட்டார். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓடினேன். மாமா சுத்தியலும் குறடுமாக உட்கார்ந்து தாழ்ப்பாளிலிருந்த புள்ளிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள்தான் பிடுங்கச் சொன்னாளாம். அன்றைக்கு மாமா ஜோக் எதுவும் சொல்லவில்லை.

"ஏன் அத்தை சும்மா இருந்த? நீ வேண்டாம்னு சொன்னதை ஏன் சொல்லல?"

"குறியைப் போட்டுட்டு, நான் இல்லைன்னு சொல்லச் சொல்றியா?" என்றாள். "அப்புறம் அது என்னடி குறி?"

"அவரு உன் தலையில கட்டிட்டாரு, உனக்குப் புரியலையா?"

"அவன் குடுத்தான். வாங்கினது நான்தானே. அந்தத் தகட்டைத் தேய்ச்சு மோந்து பாத்தது இந்த மூக்குதானே." மாமா பிடுங்கிப் போட்ட ஒரு புள்ளியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் வயிறு எரியுதுடி. கொம்புல போட்டிருக்கக் கூடாதா?"

அத்தை அப்புறம் கடைக்கு வரவில்லை. அப்பா கூப்பிடவும் இல்லை. இப்போது ஒரு குடைக் கம்பெனியில் வேலை. அச்சில் வார்த்து வந்த பிளாஸ்டிக் பிடியைக் கம்பியில் செருகி அழுத்துகிறாள். ஒரே வகை, கறுப்பு. யார் கையையும் நனைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இடது கையில் முடி முளைத்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது எங்கள் கடைப் பக்கம் திரும்பாமல் எதிர் ஓரமாக நடந்து போவதை நான் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அப்பா பிடி வேலையை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்கிறார். சுமாராகத்தான் இருக்கிறது, ஆனால் போகிறது.

கத்தி சேர்க்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருந்தாலும் அவர்களுக்குள் செய்தி காட்டுத்தீ மாதிரி பரவும். எல்லாப் பிடியும் அவள் செய்தது என்று அப்பா சொன்னது வழியிலேயே உதிர்ந்து, மூன்று புள்ளியைக் கண்டால் தொடாதே என்பது மட்டும் பரவிவிட்டது. உலகத்தில் மூன்று புள்ளி போட்ட கத்தி மொத்தமே அந்த ஏழுதான் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

போன மாதம் வாத்தியார் வந்தார். கைத்தடி வாத்தியார்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து தோல் உறையை எடுத்து, கத்தியை மேசைமேல் வைத்தார். எருமைக் கொம்புப் பிடி. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு விரிசல் இல்லை, ஒரு கோணல் இல்லை. கை பட்டுப் பட்டு மெருகேறியிருந்தது. வால் பக்கத்தில் அந்த மரக் கீற்று அப்படியே இருந்தது.

"தினமும் இதுலதான் சவரம் பண்றேன்" என்றார். "ஆனா அந்த விஷயம் கேள்விப்பட்டதுலேர்ந்து மனசே சரியில்லை. உள்ள அப்பாவோட தடி இருக்கில்ல. இது அந்த அம்மா பண்ணது இல்லையே?"

"அவங்கதான் பண்ணாங்க" என்றேன். "உங்க தடியில வெடிப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சது அவங்க. அந்தக் கீத்தை சீவி உள்ள வெச்சதும் அவங்க. எங்கப்பா பிடியைத் தொட்டதுகூட இல்ல."

வாத்தியார் முகம் வெளுத்துப்போய்க் கத்தியை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, பிடியின் வாலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். அப்புறம் மூச்சை விட்டுச் சிரித்தார்.

"ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டியேம்மா. மூணு புள்ளி இல்லையே. அப்போ அவங்க பண்ணது இல்ல."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நடுவாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு ஹோட்டல் முதலாளியிடம் சொன்னதில் பாதியைச் சொன்னால் போதும். வாத்தியாரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்.

"கழுத்துல பிறை இருக்குல்ல" என்றார் அப்பா. "கவலைப்படாமப் போங்க."

வாத்தியார் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கத்தியை உறையில் போட்டு, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, நிம்மதியாகப் போனார்.